வரப்பு உடைந்தது மழையாலா, மட்டத்தாலா? வாடகை லெவல் கருவியை நாமே சோதிக்கும் முறை

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்தில் நாலு ஏக்கர் செம்மண் மானாவாரி நிலம். நிலக்கடலையும் ஊடுபயிராகத் துவரையும், ஓரத்தில் வீட்டுத் தேவைக்குக் கேழ்வரகும் போடுவது வழக்கம். நிலம் வடக்கிலிருந்து தெற்கே 100 மீட்டருக்கு 2 மீட்டர் இறங்குகிறது. பெய்கிற மழை நிலத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததால், கோடையில் அந்தக் குடும்பம் துணிந்து செலவு செய்து மூன்று சமமட்ட வரப்புகள் போட்டது. ஒவ்வொன்றும் 120 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் உயரம். உபரி நீர் வெளியேற ஒவ்வொரு வரப்பின் கிழக்குக் கோடியிலும் கல் அடுக்கிய கலங்கல், தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில்.

ஆவணியில் ஒரு ராத்திரி நல்ல மழை. விடிந்து போய்ப் பார்த்தால் மேல் வரப்பு மேற்குக் கோடியில் உடைந்திருந்தது. அந்தத் தண்ணீர் மொத்தமாக இறங்கி அடுத்த வரப்பையும், அதற்கடுத்ததையும் அறுத்துக்கொண்டு போயிருந்தது. விழுது இறங்கி நின்ற கடலை இடுப்பளவு அகலத்துக்கு வேரோடு போய்விட்டது. வண்டல் எல்லாம் கீழ்க்காட்டுக்காரர் கேழ்வரகு மேல் படிந்து கிடந்தது. “வரப்பு போடறேன்னு சொல்லி எங்க காட்ட அழிச்சிட்டீங்களே” என்று அவர் வந்து நின்றபோது வீட்டில் யாருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை.

எல்லோரும் முதலில் ஜேசிபிகாரரைத்தான் திட்டினார்கள். மண்ணைச் சரியாக மிதிக்கவில்லை, உயரம் குறைத்துவிட்டார் என்று. அவரோ, “குச்சி எங்க அடிச்சிருந்தீங்களோ அதுமேலதாங்க மண்ணு போட்டேன்” என்றார். அவர் சொன்னது உண்மை. கோளாறு குச்சியில்தான் இருந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் வீட்டுக்காரம்மாவின் சித்தப்பா. நில அளவை வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். துக்கம் விசாரிப்பதுபோல் வந்தவர், வரப்பின் மேல் ஒரு நடை நடந்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான்.

“மாப்பிள்ளை, லெவல் கருவிய எங்க வெச்சுப் பார்த்தாங்க?”

“அந்த வேப்பமரத்தடியில மாமா. கிழக்குக் கோடியில. ஒரே இடத்துல வெச்சு மூணு வரப்புக்கும் குச்சி அடிச்சாச்சு. நிழலா இருந்துச்சுன்னு.”

“கருவி எப்படி வந்துச்சு?”

“அந்தத் தம்பி மோட்டார் சைக்கிள்ள பின்னாடி கட்டிக்கிட்டு வந்தான். வர்ற வழியில ஒருக்கா பெட்டி கீழ விழுந்துச்சாம். ‘ஒண்ணும் ஆகாதுண்ணா, இது ஆட்டோ லெவல், தானா மட்டம் புடிச்சுக்கும்’னான்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதே கருவியை இன்னொரு நாள் வாடகைக்கு எடுத்துவரச் சொன்னார்.

லெவல் கருவி என்பது அடிப்படையில் ஒரு தொலைநோக்கிதான். துப்பாக்கியின் மேல் குறிபார்க்கப் பொருத்தும் தொலைநோக்கியில் குறுக்குக் கம்பி இருப்பதுபோல இதற்குள்ளும் மெல்லிய குறுக்குக் கோடு உண்டு. துப்பாக்கியில் அந்தக் கோடு குண்டு போய் விழும் இடத்தைக் காட்ட வேண்டும். இங்கே அந்தக் கோடு, எவ்வளவு தூரம் பார்த்தாலும் ஏறாமல் இறங்காமல் நீர்மட்டமாகப் போக வேண்டும். அங்கே குறி கொஞ்சம் விலகியிருந்தால் பக்கத்தில் தெரியாது, தூரத்தில் அடி தப்பும். இங்கேயும் அதே கதை. 5 மீட்டரில் கண்டுபிடிக்கவே முடியாத பிசகு 120 மீட்டரில் வரப்பை உடைத்துவிடும்.

‘ஆட்டோ’ என்ற பெயர்தான் பலரையும் ஏமாற்றுகிறது. இந்தக் கருவிக்குள் மெல்லிய கம்பிகளில் ஒரு சிறு கண்ணாடிப் பட்டகம் ஊஞ்சல்போல் தொங்குகிறது. வட்டக் குமிழை நடுவில் நிறுத்தியபின் கருவி கொஞ்சமே கொஞ்சம் சாய்ந்திருந்தால், அந்தச் சாய்வை ஊஞ்சல் ஈடுகட்டும். அது செய்கிற வேலை அவ்வளவுதான். கீழே விழுந்த அதிர்ச்சியில் குறுக்குக் கோடு பதித்த சில்லு இடம் மாறியிருந்தால், அந்தத் தவறையும் சேர்த்தே ஊஞ்சல் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருக்கும். குமிழ் நடுவில் இருக்கும், படம் தெளிவாக இருக்கும், அளவு மட்டும் பொய்யாக இருக்கும்.

கருவி விழுவது புதிதும் இல்லை. 1808-இல் லாம்டன் தலைமையில் நடந்த பெரும் நில அளவையின்போது, அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றினார்கள். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கிவிட்டது. லாம்டன் அதைத் தூக்கிப் போடவும் இல்லை, அப்படியே எடுத்து அளக்கவும் இல்லை. சுமார் ஆறு வாரம் உட்கார்ந்து நெளிவு எடுத்து, சரிபார்த்த பிறகுதான் வேலையைத் தொடர்ந்தார். நம் ஊர் மோட்டார் சைக்கிள் பெட்டிக்கு ஆறு வாரம் வேண்டியதில்லை. ஒரு மணி நேரம், இரண்டு முளை, ஒரு டேப் போதும்.

சித்தப்பா செய்த சோதனைக்கு ‘இரண்டு முளைச் சோதனை’ என்று பெயர். ஓரளவு சமமான இடத்தில் 60 மீட்டர் இடைவெளியில் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்றாக இரண்டு முளைகளை ஆடாமல் அடித்தார். டேப் பிடித்து நடுவில், இரண்டுக்கும் சரியாக 30 மீட்டரில், முக்காலியை நிறுத்தினார்.

முக்காலி நிறுத்துவதிலேயே பாதி வேலை இருக்கிறது. மூன்று கால்களையும் அகல விரித்து, ஒவ்வொரு காலின் மிதியடியையும் மிதித்து மண்ணில் இறக்க வேண்டும். மேல் தட்டு கண்ணுக்கு மட்டமாகத் தெரிய வேண்டும். கால்களின் இறுக்குத் திருகுகளைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். வாடகைக் கருவிகளில் இவைதான் முதலில் தேய்ந்து கிடக்கும். கருவியை வைத்து அடியில் உள்ள திருகை இறுக்கி, பிறகு மூன்று அடித்திருகுகளால் வட்டக் குமிழை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அதன்பின் கருவியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாலும் குமிழ் வட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது.

அடுத்தது கண். பலரும் விடும் இடம் இது. தொலைநோக்கியை வானத்தை நோக்கியோ வெள்ளைத் துணியை நோக்கியோ திருப்பி, கண் வைக்கும் பக்கத்து வளையத்தைத் திருகிக் குறுக்குக் கோடு கன்னங்கரேலென்று கூர்மையாகத் தெரியும்படி செய்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் பக்கவாட்டுத் திருகால் அளவுகோலைத் தெளிவாக்க வேண்டும். இப்போது தலையை லேசாக மேலும் கீழும் அசைத்தால் கோடு அளவுகோலின் மேல் நகரக்கூடாது. நகர்ந்தால் தெளிவு சரியில்லை. ஒருவர் கண்ணுக்கு வைத்தது இன்னொருவர் கண்ணுக்கு ஒத்துவராது என்பதால், பார்க்கும் ஆள் மாறினால் இதை மறுபடியும் செய்துகொள்ள வேண்டும்.

அளவுகோலைப் பிடித்தது வீட்டுக்காரம்மா.

“ஏம்மா, கொஞ்சம் முன்னாடி சாய்ச்சு, அப்புறம் பின்னாடி சாய்ச்சு மெதுவா ஆட்டு.”

“ஆட்டினா தப்பாக் காட்டாதா சித்தப்பா?”

“நேரா நிக்கும்போதுதான் அளவு ரொம்பக் கம்மியாக் காட்டும். எந்தப் பக்கம் சாஞ்சாலும் கூடத்தான் காட்டும். அதனால ஆட்டும்போது தெரியற கம்மி அளவ எழுதிக்கிட்டாப் போதும்.”

நடுவிலிருந்து பார்த்ததில் கிழக்கு முளை 1.425 மீட்டர், மேற்கு முளை 1.310 மீட்டர். அளவு குறைந்தால் தரை மேடு. ஆக, மேற்கு முளை கிழக்கைவிட 11.5 சென்டிமீட்டர் உயரம். கருவி கோணலாகவே இருந்தாலும் இந்த 11.5 பொய்யாகாது. இரண்டு பக்கமும் ஒரே தூரம் என்பதால், பார்வைக்கோடு எவ்வளவு ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் இரண்டு முளையிலும் ஒரே அளவு தவறுதான் வரும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அந்தத் தவறு அடிபட்டுப் போகும். தராசுத் தட்டை மாற்றிப் போட்டு எடை பார்ப்பது மாதிரி.

பிறகு கருவியை எடுத்துக்கொண்டு போய்க் கிழக்கு முளைக்கு 2 மீட்டர் வெளியே, இரண்டு முளையும் ஒரே நேர்கோட்டில் தெரியும்படி நிறுத்தினார். பக்கத்திலிருக்கும் கிழக்கு முளையில் 1.502. மேற்கு முளை 11.5 சென்டிமீட்டர் உயரம் என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதால், அங்கே 1.387 காட்ட வேண்டும். காட்டியது 1.327.

60 மீட்டரில் 6 சென்டிமீட்டர் குறைவு. அதாவது பார்வைக்கோடு மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் வீதம் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. பூமியின் வளைவால்தான் இந்த வித்தியாசம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 100 மீட்டருக்கு அதன் பங்கு 1 மில்லிமீட்டர்கூட இல்லை.

இனி வரப்புக்கு வருவோம். வேப்பமரத்தடியிலிருந்து மேற்குக் கோடி 120 மீட்டர். அங்கே தவறு 12 சென்டிமீட்டர். எல்லாக் குச்சியும் ‘ஒரே மட்டம்’ என்று அந்தத் தம்பி அடித்துக்கொண்டே போனபோது, உண்மையில் மேற்கே போகப் போக வரப்பு இறங்கிக்கொண்டே போனது. 2 சதவீதச் சரிவில் 12 சென்டிமீட்டர் என்றால், கடைசிக் குச்சி இருக்க வேண்டிய இடத்திலிருந்து 6 மீட்டர் கீழே தள்ளி நின்றது. கண்ணுக்கு அது நேர்வரப்பாகவே தெரியும். தண்ணீருக்குத்தான் தெரியும்.

60 சென்டிமீட்டர் வரப்பு, புது மண் அமுங்கியதில் ஏறக்குறைய 50 ஆகியிருந்தது. கலங்கல் வழிய ஆரம்பிக்கும்போது கிழக்கே தண்ணீரின் ஆழம் 30 சென்டிமீட்டர். மேற்கே 12 சென்டிமீட்டர் பள்ளம் என்பதால் அங்கே 42. வரப்பின் தலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்க வேண்டிய 20 சென்டிமீட்டரில் மீந்தது 8 மட்டும். பெருமழையில் கலங்கல் மேல் 8 சென்டிமீட்டருக்குமேல் தண்ணீர் போனாலே மேற்குக் கோடியில் வரப்பு மேல் ஏறிவிடும். செம்மண் வரப்பு மேல் தண்ணீர் ஏறினால் அது நிற்காது. ஜேசிபிகாரர் இன்னும் நன்றாக மிதித்திருந்தால் தப்பித்திருக்குமா என்றால், ஒருவேளை ஒரு மழைக்குத் தப்பித்திருக்கும்.

கருவியைச் சரிசெய்வது கடினமான வேலை இல்லை, ஆனால் பொறுமை வேண்டும். ஆட்டோ லெவலில் கண் வைக்கும் பக்கத்து மூடியைக் கழற்றினால் அல்லது அதன் கீழே பார்த்தால், குறுக்குக் கோட்டை ஏற்றி இறக்கும் சிறு திருகு இருக்கும். பெட்டியில் வரும் ஊசியையோ சாவியையோ போட்டு அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். எந்த அளவுக்கு? 1.387 என்று தோன்றும். ஆனால் 2 மீட்டரில் இருந்த கிழக்கு முளையிலும் 2 மில்லிமீட்டர் தவறு இருந்ததல்லவா, அதையும் கூட்டி 1.389-க்குக் கோட்டைக் கொண்டுவர வேண்டும். பிறகு இடத்தை மாற்றிச் சோதனையை இன்னொரு முறை செய்ய வேண்டும். 60 மீட்டருக்கு 3 மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டால் பண்ணை வேலைக்குத் தாராளம்.

நீளக் குமிழ் உள்ள பழைய டம்பி லெவலில் ஒரு படி கூடுதல். முதலில் குமிழையே நம்பலாமா என்று பார்க்க வேண்டும். குமிழை நடுவில் நிறுத்திக் கருவியை நேர் எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். குமிழ் விலகினால், விலகியதில் பாதியை அடித்திருகாலும், மீதிப் பாதியைக் குமிழ்க்குழாயின் ஓரத்து மரையாலும் சரிசெய்ய வேண்டும். அதன் பின்புதான் இரண்டு முளைச் சோதனை. குறுக்குக் கோட்டை நகர்த்த மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்றைத் தளர்த்திய பிறகே மற்றதை இறுக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் இறுக்கினால் உள்ளே உள்ள சட்டம் போய்விடும்.

தொங்கும் பட்டகம் சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதும் சுலபம். அளவுகோலைப் பார்த்துக்கொண்டே முக்காலியின் காலை விரலால் லேசாகத் தட்ட வேண்டும். படம் நடுங்கி, பழைய அளவுக்கே திரும்பி வந்து நிற்க வேண்டும். நடுங்காமல் செத்துப்போய் நின்றாலும், வேறு அளவில் போய் நின்றாலும் அந்தக் கருவியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான். அது பட்டறை வேலை.

திருகில் கை வைக்கப் பயமாக இருந்தால் வைக்கவே வேண்டாம். பயப்படுவது நல்லதும்கூட, தெரியாமல் திருகிக் கெடுத்த கருவிகள்தான் விழுந்து கெட்டவற்றைவிட அதிகம் இருக்கும். பிசகு இருக்கிறது என்று தெரிந்தாலே போதும், வேலையை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். கருவியைக் கோடியில் வைக்காமல் வரப்பின் நடுவில் வைத்திருந்தால், இதே கெட்ட கருவியிலும் கோடிகளில் தவறு 6 சென்டிமீட்டராகக் குறைந்திருக்கும். இரண்டு கோடியும் தங்களுக்குள் ஒரே மட்டமாக இருந்திருக்கும். 30 மீட்டருக்கு ஒருமுறை கருவியை நகர்த்தி, பின்னால் பார்க்கும் தூரமும் முன்னால் பார்க்கும் தூரமும் சமமாக இருக்கும்படி போயிருந்தால் தவறு பெரும்பாலும் இல்லாமலே போயிருக்கும். தூரத்துக்கு டேப்கூட வேண்டாம். நடுக்கோட்டுக்கு மேலேயும் கீழேயும் தெரியும் இரண்டு குட்டைக் கோடுகளின் அளவைப் படித்து, வித்தியாசத்தை 100-ஆல் பெருக்கினால் அதுதான் கருவிக்கும் அளவுகோலுக்கும் உள்ள தூரம். மேல்கோடு 1.650, கீழ்க்கோடு 1.350 என்றால் 30 மீட்டர்.

வேளையும் பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் தரைக்கு மேல் கானல் அலையும்போது அளவுகோலின் கட்டங்கள் நெளியும். மில்லிமீட்டர் என்ன, சென்டிமீட்டரே தடுமாறும். காலை 10 மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் பார்வைத் தூரத்தைக் குறைத்து, அளவுகோலில் தரையிலிருந்து அரை மீட்டருக்கு மேலே படியும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

சமமட்ட வரப்புக்கு மட்டும்தான் இந்தக் கவலை என்றில்லை. தண்ணீர் தேங்கும் களிமண் நிலத்தில் வரப்புக்கே வாட்டம் கொடுத்துப் போடுகிறோம். 100 மீட்டருக்கு 20 முதல் 40 சென்டிமீட்டர்வரை. மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் பிசகினால் 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர். கொடுக்க நினைத்த 20-இல் பாதி காணாமல் போகும், அல்லது ஒன்றரை மடங்காகி மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். பண்ணைக்குட்டையில் நீர் வரும் வாயைவிட வழியும் வாய் தாழ்ந்திருக்க வேண்டும் என்று சொல்லி எடுக்கும் மட்டமும் இப்படித்தான்.

லெவல் கருவியே கிடைக்காத இடத்தில் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். 10, 12 மீட்டர் கண்ணாடி டியூபில் தண்ணீர் நிரப்பினால் இரண்டு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும், இதில் திருகு கெட்டுப்போக வழியே இல்லை. கெடுப்பது காற்றுக் குமிழி ஒன்றுதான். டியூபை முழுக்க விரித்து, வெயிலுக்கு நேரே பிடித்துக் குமிழி இல்லை என்று பார்த்துவிட்டு, இரண்டு முனையையும் சேர்த்து வைத்து மட்டம் ஒத்திருக்கிறதா என்று காலையில் ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை சோதித்துக்கொள்ளலாம். நடக்கும்போது இரண்டு முனையையும் கட்டைவிரலால் அடைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று கம்பை ‘A’ வடிவில் கட்டி, உச்சியிலிருந்து தூக்குக் குண்டு தொங்கவிடும் சட்டமும் சமமட்டக் கோடு போட உதவும். கம்புகள் சமமில்லாமல் இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு காலையும் இரண்டு கல்லின் மேல் வைத்து, குறுக்குக் கம்பில் நூல் தொடும் இடத்தைக் குறிக்க வேண்டும். கால்களை அதே கல்களின் மேல் இடம் மாற்றி வைத்து இன்னொரு குறி. இரண்டு குறிக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான மட்டம். ரசமட்டத்தைத் திருப்பி வைத்துப் பார்ப்பதும், டம்பி லெவலை எதிர்ப்பக்கம் திருப்புவதும், இரண்டு முளைக்கு நடுவில் நிற்பதும் எல்லாம் இதே கணக்குதான்.

பென்னாகரம் நிலத்தில் புரட்டாசியில் கடலை பிடுங்கியதும் மறுபடியும் குச்சி அடித்தார்கள். இந்த முறை கருவி நடுவில் இருந்தது, வெயிலுக்குக் குடை பிடித்தது வீட்டுப் பையன். மூன்று வரப்பையும் முழுக்கக் கலைக்கவில்லை. கிழக்குப் பாதியில் தவறு குறைவு என்பதால் அதை அப்படியே விட்டு, வரப்பின் தலையை மட்டும் மேற்கே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி ஒரே மட்டமாக்கினார்கள். உடைந்த மேற்குக் கோடியில் மட்டும் பழைய மண்ணை வெட்டியெடுத்து, புது மண்ணைச் சாண் உயரத்துக்கு ஒரு படுகையாகப் போட்டு, தண்ணீர் தெளித்து மிதித்து ஏற்றினார்கள். கீழ்க்காட்டுக்காரர் வரப்பு மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கேழ்வரகு நஷ்டத்துக்கு என்ன கொடுப்பது என்ற பேச்சு அப்போதும் முடியவில்லை. ஆனால், கலங்கலை எந்த உயரத்தில் வைப்பது என்று அளந்தபோது அளவுகோலைப் பிடித்தது அவர்தான்.

கருவியைத் திருப்பிக் கொடுக்கும்போது சித்தப்பா பெட்டிக்குள் பழைய போர்வைத் துண்டு ஒன்றைத் திணித்து, அந்தத் தம்பியிடம் மோட்டார் சைக்கிளில் பின்னால் கட்டாமல் ஆள் ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு வரச் சொன்னார். அன்றைய தேதியையும், ‘60 மீட்டருக்கு 2 மி.மீ.’ என்ற அளவையும் ஒரு சீட்டில் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டினார். அடுத்து வாடகைக்கு எடுப்பவர் சோதித்துவிட்டு அதற்குக் கீழே எழுத இடம் விட்டிருந்தார்.